காவலாளி போர்த்த கம்பளி

குருநகர்க் கூத்துகளில் பதினொரு வருடம் கதவு திறந்தவன் நான். அரசன் வருவான், திறப்பேன். மந்திரி போவான், மூடுவேன். மேடையில் கதவு என்று ஒன்றும் கிடையாது. வெறுங்காற்றைக் கையால் தள்ள வேண்டும், அவ்வளவுதான். பாட்டு மட்டும் தரமாட்டார்கள். "இவர் வாயைத் திறந்தாலே கதவு கிறீச்சிடுற சத்தம் கேக்குது, பிறகேன் தனியா ஒரு பாட்டு?" என்று என் மனைவி ஸ்ரெல்லா சொல்லுவாள். அது பாராட்டு என்று நெடுநாள் நினைத்திருந்தேன்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, உயிர்த்த ஞாயிறு கழிந்து இரண்டாம் சனிக்கிழமை போடவிருந்த கூத்தில் எனக்கு ஒரு ஈட்டியும் ஒரு பாட்டும் உள்ள வேடம் கிடைத்தது. கடைசியில் கடவுள் எனக்கும் ஒரு கதவைத் திறந்துவிட்டார் என்று பூரித்துப் போனேன். திறந்தது கடவுள் அல்ல. முல்லைத்தீவுக் கரையில் ஒரு நுளம்பு.

அந்த வேடம் யாகோப்பண்ணையுடையது. எங்கள் கடலில் இறங்க நேவி விடாததால் அவர் முல்லைத்தீவில் போய்த் தொழில் செய்தார். மூன்று மாதம் கழித்து மீன் கொண்டுவரவில்லை, மலேரியா கொண்டுவந்தார். ஒத்திகையில் பாடிக்கொண்டிருக்கும்போதே நடுங்கி விழுந்தார். "செபநாயகத்துக்குக் குடுங்கோ, அவன் கனகாலம் காத்துத் தள்ளினவன்" என்று அவரே சொன்னாராம்.

கூத்து நாற்பது வேதசாட்சிகளின் கதை. உரோமைப் படைவீரர் நாற்பது பேர் வேதத்தை மறுக்க மாட்டோம் என்று நின்றபடியால், உறைந்துபோன ஏரியில் உடுப்பில்லாமல் நிற்க வைக்கிறார்கள். மனம் மாறுகிறவனுக்காகக் கரையில் ஒரு தொட்டி வெந்நீர். முப்பத்தொன்பது பேர் நிற்க, ஒருவன் குளிர் தாங்காமல் வெந்நீருக்கு ஓடிவிடுகிறான். வானத்திலிருந்து நாற்பது மணிமுடிகள் இறங்குகின்றன. ஒன்றுக்குக் கீழே தலை இல்லை. கரையில் கம்பளி போர்த்து நின்ற காவலாளி அதைக் காண்கிறான். போர்த்ததை எறிந்துவிட்டு, நானும் கிறிஸ்தவன் என்று பாடி, பனியில் இறங்கி எண்ணிக்கையை நிரப்புகிறான். அந்தக் காவலாளிதான் நான்.

எங்களிடம் நாற்பது பேர் இல்லை. பதினொரு பேர்தான். மிச்சம் இருபத்தொன்பது பேரும் கனடாவிலும் பாரிசிலும் உண்மையான பனியிலேயே நின்றுகொண்டிருந்தார்கள்.

கூத்தை எழுதிப் பழக்கியவர் அடைக்கலநாதன் மாஸ்ரர். சரித்திரம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். எங்கள் கூத்துகளில் உரோமை அரசன், ஊர் அரசன், நரகத்து அரசன் எல்லோருக்கும் ஒரே சரிகை உடுப்புத்தான்; ஆளைப் பாட்டில் கண்டுபிடிக்க வேண்டும். மாஸ்ரர் அதை ஒப்பவில்லை. கோதுமை மாச் சாக்கில் அங்கி தைக்கச் சொன்னார். சரிகை இல்லை, கண்ணாடி மணி இல்லை, பொத்தான் இல்லை.

"நாலாம் நூற்றாண்டு, விளங்குதோ? நாலாம் நூற்றாண்டிலை இருந்த சாமான்தான் மேடையிலை ஏற வேணும்."

"மாஸ்ரர், குளிரை எப்படிக் காட்டுறது? சித்திரை வெயிலிலை, பட்டப்பகல் ஒண்டரைக்குத் துவங்கிறம்" என்று நான் கேட்டேன். மண்ணெண்ணெய் கிடைத்த அருமையில் இரவுக் கூத்தை எல்லோரும் மறந்துவிட்டிருந்தோம்.

"அதுதான் உன்ரை வேலை. மேலிலை துணியில்லாமல் நிக்கிறவனைப் பாத்து எங்கடை சனம் குளிர் எண்டு நினையாது, காத்து வாங்கிறான் எண்டுதான் நினைக்கும். பக்கத்திலை ஒருத்தன் கம்பளி போர்த்து நிண்டால்தான் அது குளிர். ஏரி, பனி, ஆர்மீனியா எல்லாம் உன்ரை முதுகிலைதான் கிடக்குது. நல்ல கம்பளி ஒண்டு தேடு."

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. குருநகருக்குத் தெரிந்த குளிர், மீன் பெட்டிக்குப் போடுகிற ஐஸ் ஒன்றுதான். மின்சாரம் போய் மூன்று வருடம். ஐஸ் எப்படி இருக்கும் என்று பெரியவர்களே கையால் காட்டிச் சொல்ல வேண்டியிருந்தது.

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு குளிர் தேடப் புறப்பட்டேன்.

மானிப்பாயில் கனகரத்தினம் என்று ஓய்வுபெற்ற ஸ்ரேசன் மாஸ்ரர் ஒருவர். மலைநாட்டுக் குளிரில், நானுஓயாவில் நெடுங்காலம் றெயில் அனுப்பியவர். றங்குப்பெட்டியைத் திறந்து, பூச்சி உருண்டை மணக்க மணக்க நீலநிற ஓவர்கோட் ஒன்றை எடுத்துப் பிள்ளையைத் தூக்குவது போல் தூக்கினார். கம்பளி உடுப்பை எப்படி மடிக்க வேண்டும், எந்த வெயிலில் காயவிட வேண்டும், எந்தத் தண்ணீர் அதற்கு ஆகவே ஆகாது என்றெல்லாம் அரை மணித்தியாலம் பாடம் நடத்தினார். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. கோட்டில் எத்தனை பித்தளைப் பொத்தான் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டு.

"ஐயா, பொத்தானைக் கழட்டிப்போட்டு ஒருநாளைக்குத் தருவியளோ?"

"பொத்தானைக் கழட்டினால் அது கோட்டோ? கோட் வாறதெண்டால் பொத்தானோடை வரும், என்னோடை வரும். நானே போட்டுக்கொண்டு நிப்பன். ஆனால் தம்பி, இப்பவே சொல்லிப்போட்டன், நான் சைவம். உங்கடை வேதக் கூத்திலை வந்து சாகமாட்டன்."

காவலாளி செத்தே ஆக வேண்டும் என்பதால் கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

அடுத்தது சாவகச்சேரிச் சந்தை. வெளிநாட்டுத் தரும சங்கங்கள் அகதிகளுக்கென்று அனுப்பிய உடுப்புப் பொதிகள் அங்கே வந்து விலைபோவதாகக் கேள்வி. போனேன். பனியில் சறுக்கி விளையாட வேண்டிய உடுப்பெல்லாம் வெங்காயத்துக்குப் பக்கத்தில் குவிந்து கிடந்தது. ரோசா நிறத்தில், கழுத்தைச் சுற்றி மயிர் வைத்த ஒரு சட்டையை விற்கிற மனுசி தூக்கிக் காட்டினார்.

"வாங்கு தம்பி. உள்ளுக்கை நல்ல பஞ்சு. வெட்டி ரெண்டு தலையணை அடிக்கலாம்."

அதையும் ஒரு சிங்கப்பூர்ப் போர்வையையும் கட்டிக்கொண்டு பதினாறு கிலோமீற்றர் மிதித்து வந்தேன். மாஸ்ரர் சட்டையை விரலால் தூக்கினார்.

"இதென்ன?"

"சிப், மாஸ்ரர். இழுத்துப் பூட்டிறது."

"உரோமாபுரியிலை சிப்!"

போர்வையை விரித்தார். நடுவில் ஒரு பெரிய புலி, வாயைப் பிளந்தபடி. மாஸ்ரர் மெல்ல எழுந்து வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார். "உதைப் போர்த்துக்கொண்டு உரோமைச் சேவகன் ஒருத்தன் மேடையிலை நிண்டால், ஆளைக் கூப்பிட்டு விளக்கம் கேப்பாங்கள். மடிச்சு வை."

இப்படியாகப் புதன்கிழமை வந்தது. கூத்துக்கு மூன்று நாள். பாட்டாவது உருப்படட்டும் என்று பிற்பகல் இரண்டரைக்கு யாகோப்பண்ணையிடம் போனேன். கடலோரத்து வீட்டைச் செல் குண்டு கொண்டுபோன பிறகு அவரும் மனைவி மக்டலீனக்காவும் ஒரு சொந்தக்காரர் வளவில் கொட்டில் போட்டு இருந்தார்கள். உள்ளே ஒரு கட்டில், இரண்டு பானை, ஒரு மாதா படம், மூலையில் குவித்த சுறா வலை.

யாகோப்பண்ணை கட்டிலில் இருந்தபடியே முதல் அடியைப் பாடிக் காட்டினார்.

*போர்த்தியதைப் போடுகிறேன் பூமியின் மேலே - இனிப்*
*பனியே நீ போர்த்திவிடு பாவியின் மேலே.*

அந்தக் குரலில் கொட்டில் கொஞ்சம் பெரிதானது போல இருந்தது. நான் பாடியதும் பழைய அளவுக்கு வந்துவிட்டது.

"டேய் செபம், 'பாவி'யிலை இறங்கு. நீ அதிலை ஏறுறாய். பாவி எண்டு சொல்லுறவன் ஏறுவானோ?"

நான் மறுபடி ஏறினேன். கோயில் மணிக்கூட்டில் மூன்று அடித்தது. அவர் பாட்டை நிறுத்தி, படலையடியில் ஆள் வந்து நிற்பது போல் தலையைத் திருப்பினார். "வந்திட்டான்" என்றார்.

குலைப்பன் காய்ச்சலை அவ்வளவு கிட்ட நான் பார்த்ததில்லை. கட்டில் கால்கள் மண்ணில் தடதடவென்று இடித்தன. மக்டலீனக்கா ஓடிவந்து, கொடியில் கிடந்த ஒன்றை இழுத்து அவர்மேல் விரித்து நாலு பக்கமும் செருகினார். அந்த நடுக்கத்திலும் யாகோப்பண்ணை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"பா... பார். நல்லாப் பார். மு... முதல் தாடை. பிறகு தோள். முழங்கால் க... கடைசியிலை. உங்கடை வேதசாட்சியள் எ... எல்லாரும் முழங்காலிலை துவங்கிறாங்கள். போய்ச் சொல்லு."

நான் அவரைப் பார்க்கவில்லை. அவர்மேல் கிடந்ததைப் பார்த்தேன். சாம்பல் நிறம். தடிப்பு. ஓரத்தில் இரண்டு கறுப்புக் கோடு, வேறு ஒன்றும் இல்லை. சிப் இல்லை, பொத்தான் இல்லை, மிருகம் இல்லை. நாலாம் நூற்றாண்டுக் கம்பளி. உலக யுத்தத்தில் இங்கிலீசுக்காரன் பலாலியில் விமானத்தளம் கட்டியபோது யாகோப்பண்ணையின் தகப்பன் அங்கே கூலிவேலை செய்து பெற்றது என்று பிறகு அறிந்தேன். ஒரு மனிதன் என் கண் முன்னால் பல்லடித்துக்கொண்டு கிடந்தான். எனக்கு முதலில் வந்த நினைப்பு, மாஸ்ரர் இதை மறுக்கமாட்டார் என்பதுதான். இதை இப்போது எழுதும்போதும் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

வாசலில் வைத்து மக்டலீனக்காவிடம் கேட்டேன். அவர் விரல் மடித்தார்.

"இண்டைக்கு வந்தது. நாளைக்கு வராது. வெள்ளி வரும். சனி வராது, ஞாயிறு வரும். ஒண்டைவிட்ட ஒருநாள், மூண்டு மணிக்கு, தவறாது. சனிக்கிழமை காலமை கொண்டுபோ, கூத்து முடியக் கொண்டா. ஞாயிறு மூண்டு மணிக்கு இது இஞ்சை கிடக்க வேணும் தம்பி. வேறை ஒண்டுமில்லை எங்களிட்டை."

"மாதாவாணை, அக்கா."

கூத்தில் கதவு திறப்பவனுக்கும் அடிக்கடி சத்தியம் செய்ய வரும். பழக்க தோசம்.

சனிக்கிழமை கோயில் வளவு நிறைந்து வழிந்தது. ஏரிக்கு வெள்ளைப் பெட்சீற்றுகள் விரித்து உப்புத் தூவியிருந்தோம். வெந்நீர்த் தொட்டிக்குக் கோயிலின் பெரிய கஞ்சிக் கிடாரம். நான் முகத்தில் தக்கைக் கரியால் மீசை தீட்டி, கம்பளியைப் போர்த்து, மாஸ்ரர் முன் போய் நின்றேன். அவர் என்னைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார். கண் கலங்கிவிட்டது. "குளிருதடா" என்றார். பதினொரு வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு. அதுவும் கம்பளிக்குத்தான்.

கூத்துத் தொடங்கிக் கால் மணித்தியாலத்தில் பொம்மர் விமானம் வந்தது. உரோமை இராச்சியம் முழுவதும் பங்கர்க் குழிக்குள் பாய்ந்தது. நானும் ஈட்டியோடு இறங்கினேன். "உதை வெளியிலை வைச்சிட்டு வா, விசரா, ஆற்றையும் கண்ணைக் குத்தப்போறாய்" என்று உள்ளேயிருந்து ஏச்சு விழுந்தது. பொம்மர் இரண்டு மூன்று வட்டம் சுற்றி எங்கேயோ தூரத்தில் குண்டு போட்டுவிட்டுப் போனது. வெளியே வந்தபோது சனம் பாதி கலைந்திருந்தது. எங்கள் பங்குச் சுவாமி உப்பு ஏரியின் நடுவில் நின்று, "எல்லாரும் பத்திரமா வீட்டை போங்கோ. கூத்தை நாளைக்கு வைப்பம், இதே நேரம்" என்றார்.

நாளைக்கு. ஞாயிற்றுக்கிழமை.

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

கம்பளியைச் சைக்கிள் கரியரில் கட்டினேன். யாகோப்பண்ணையின் கொட்டில் நான் வழக்கமாகப் போகும் ஒழுங்கையில்தான். அன்றைக்குக் கடற்கரை வீதியால் சுற்றிப் போனேன். கடல்காற்று உடம்புக்கு நல்லது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இரவு படுக்கையில் வேறு நியாயங்களும் வந்தன. காய்ச்சல் ஒருநாள் தவறவும் கூடும். கைமருந்து எடுக்கிறார்தானே. கூத்து நல்லாய் வர வேண்டும் என்பதுதானே யாகோப்பண்ணையின் விருப்பமும். அதுவும் கோயில் காரியம். வழக்கறிஞருக்குப் படித்திருந்தால் நான் நன்றாக வந்திருப்பேன்.

"அதைக் குடுத்திட்டியளோ?" என்று ஸ்ரெல்லா கேட்டாள்.

"எதை?"

"ஓ, தெரியாதாக்கும்" என்று சொல்லித் திரும்பிப் படுத்தாள்.

காலைப் பூசையில் பெண்கள் பக்கம் மக்டலீனக்கா முழந்தாளிட்டிருந்தார். நான் அந்தோனியார் சுருபத்துக்குப் பின்னால் நின்று பூசை கண்டேன். அந்தோனியார் தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர். மறைத்த பொருளுக்கு அவர் உதவமாட்டார் என்று தெரிந்திருக்க வேண்டும். பூசை முடிந்து வெளியே வரும்போது மாஸ்ரர் பிடித்துக்கொண்டார்.

"செபம், இண்டைக்கு யாகோப்புக்குக் காய்ச்சல் வாற நாளெல்லோ? மக்டலீன் கம்பளிக்கு ஓமெண்டவவோ?"

"ஓம் மாஸ்ரர், கேட்டனான். வேறை போர்வை இருக்காம்."

ஒரே மூச்சில் இரண்டு பொய். பாட்டில் எனக்கு அவ்வளவு மூச்சு வந்ததேயில்லை.

ஒன்றரைக்குக் கூத்துத் தொடங்கியது. இரண்டரைக்கு நான் மேடை ஏறினேன். மேடை ஓரத்தில், ஈட்டியோடு, கம்பளி போர்த்து, பாட்டு வரும்வரை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சும்மா நிற்பதுதான் காவலாளியின் வேலை. இந்த வேடத்தின் கஷ்டம் என்னவென்று யாகோப்பண்ணை சொல்லித்தரவில்லை. நிற்கிறவனுக்கு யோசிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

மூன்றுக்குக் கொஞ்சம் முன்னால் கோயில் வளவின் படலையடியில் மக்டலீனக்காவைக் கண்டேன். வெயிலில் சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டபடி மேடையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கூத்துப் பார்க்க வந்திருக்கிறார் என்று முடிவு செய்தேன். உரோமைக் காவலாளிகள் ஏரியைத்தான் பார்ப்பார்கள் என்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பினேன். மறுபடி பார்த்தபோது அவர் இல்லை.

மணிக்கூட்டில் மூன்று அடித்தது.

ஏரியில் நின்றவர்கள் நடுங்கத் தொடங்கினார்கள். நான் போய்ச் சொல்லிக்கொடுத்தபடியே. முதலில் தாடை. பிறகு தோள். முழங்கால் கடைசியில். முன்னால் இருந்த சனம் உச்சுக்கொட்டியது. ஒரு கிழவி, "ஐயோ பாவம், ஒரு துணியைக் குடுங்கோவன் அதுகளுக்கு" என்று உரத்துச் சொன்னார். எனக்கு ஆட்களின் முகம் மறைந்துபோயிற்று. உப்பின்மேல் நின்று நடுங்கியது பதினொரு யாகோப்பண்ணை. கம்பளிக்குள் எனக்கு வியர்வை ஆறாக ஓடியது. அதில் அவருடைய மணம் இருந்தது; காய்ச்சல் வியர்வையும், நெஞ்சுக்குப் பூசும் தைலமும், வலையும் கலந்த மணம். யாரோ என்னைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பது போலிருந்தது.

வெந்நீருக்கு ஓடுகிறவனாக நடித்தவன் செல்வரட்ணம். ஓடிக் கிடாரத்தில் ஏறிக் குந்தினான். மேலே வலைக்கயிற்றில் கட்டிய மினுக்கு முடிகள் மெல்ல இறங்கின. ஒன்று ஆளில்லாத இடத்தில் ஆடிக்கொண்டு நின்றது. மத்தளம் என் பாட்டுக்கு அடியெடுத்துக் கொடுத்தது.

"போர்த்தியதைப் போடுகிறேன் பூமியின் மேலே..."

கம்பளியைக் கழற்றினேன். நிலத்தில் போட வேண்டும். போட்டுவிட்டுப் 'பாவி'யில் இறங்கிப் பனிக்குள் நடக்க வேண்டும். கை விடவில்லை. கம்பளி கனத்தது, அது போகவேண்டிய இடம் உப்புத் தரை அல்ல என்று அந்த மேடையில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு மேடையின் முன்பக்கத்தால் குதித்தேன்.

ஓடினேன். மாச் சாக்கு அங்கியோடு, கடதாசித் தலைக்கவசத்தோடு குருநகர் ஒழுங்கைகளில் ஓடினேன். நாய்கள் கூடவே ஓடிவந்தன. பின்னால் மத்தளம் விடாமல் அதே அடியை அடித்துக்கொண்டிருந்தது, பாட்டுக்காரன் மூச்சு வாங்குகிறான் என்று நினைத்திருப்பார்கள்.

கொட்டிலுக்குள் நுழைந்தபோது கட்டிலில் ஒரு மலை கிடந்தது. இரண்டு சாக்கு, ஒரு படங்கு, மக்டலீனக்காவின் கலியாணச் சேலை, அதற்கு மேலே மூலையில் கிடந்த சுறா வலை முழுவதும். அந்த மலைக்கு மேல் மக்டலீனக்கா குறுக்கே படுத்து இரண்டு கையாலும் கட்டிலின் சட்டத்தைப் பிடித்திருந்தார். கை முட்டி இரண்டும் உரிந்திருந்தது.

"அக்கா, கம்பளி..."

உள்ளிருந்து யாகோப்பண்ணையின் குரல் வந்தது. "எடுங்கோ! எல்லாத்தையும் எடுங்கோ! வேகுது!"

நடுக்கம் அப்போதுதான் விட்டு, வெக்கை தொடங்கியிருந்தது. வலையையும் சாக்கையும் காலால் உதைத்துத் தள்ளினார். முகம் அடுப்புப் போலச் சிவந்திருந்தது. நெருப்பாய் எரிகிற மனிதன் முன்னால் நான் ஒரு கம்பளியை நீட்டிக்கொண்டு நின்றேன்.

என் மீசையையும் தலைக்கவசத்தையும் அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கூத்து முடிஞ்சுதோ?"

"இல்லை, அண்ணை. இடையிலை ஓடி வந்திட்டன்."

"பாட்டு?"

"ஒரு அடி."

"அப்ப முடி?"

"தொங்குது."

அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பானது. மக்டலீனக்கா சிரிக்கவில்லை. சேலையை உதறி மடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நீங்கள் படலைக்கு வந்தனியள். கண்டனான். ஏன் கேக்கேல்லை?"

"மேடையிலை நிக்கிறவனைக் கூப்பிட்டு, உடுப்பைக் கழட்டித் தா எண்டு எப்படித் தம்பி கேக்கிறது? கோயில் காரியம்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் ஏதாவது பகிடி சொல்லித் தப்பியிருப்பேன்.

மேடையில் நடந்ததைப் பிறகு கேள்விப்பட்டேன். மத்தளம் அடித்துக் களைத்த நேரம், கிடாரத்துக்குள் குந்தியிருந்த செல்வரட்ணம் ஆடிக்கொண்டிருந்த முடியைப் பார்த்தானாம். எழுந்து வந்து அதன் கீழே நின்றுவிட்டானாம். ஓடினவன் திரும்பி வந்ததைக் கண்டு சனம் எழுந்து நின்று கைதட்டியதாம். சரித்திரத்தில் இல்லாத சங்கதி என்று மாஸ்ரர் தலையில் கை வைத்தாராம். ஆனால் சுவாமிக்கு நல்லாய்ப் பிடித்துவிட்டதாம். ஊரில் என்னைக் கண்டவர்கள் எல்லாம், "சபைப் பயமோ செபம்?" என்று கேட்டார்கள். ஓம் என்றேன். கம்பளி கொடுக்க ஓடினேன் என்று சொன்னால் என்னை நல்லவன் என்று சொல்லிவிடுவார்களே, அந்தப் பொய்யையும் எப்படிச் சுமப்பது? மாஸ்ரருக்கு மட்டும் உள்ளதைச் சொன்னேன். அவர் மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை.

கதை இத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் எனக்கு மனம் கேட்கவில்லை. கம்பளி முழுவதும் என் வியர்வையும் தக்கைக் கரியும். "கழுவிக் கொண்டுவந்து தாறன், அக்கா" என்று அன்றைக்கே வாங்கிக்கொண்டு போனேன். திங்கள் காலை, செய்ததற்கு ஈடாக நல்லாய்ச் செய்ய வேண்டும் என்று கோயில் கஞ்சிக் கிடாரத்தையே இரவல் எடுத்து, விறகு மூட்டி, கம்பளியை ஒரு மணித்தியாலம் கொதிக்க வைத்தேன். கல்லில் போட்டு அடித்தேன். மறுபடி கொதிக்க வைத்தேன். குருநகரில் யாருக்கும் கம்பளி தோய்க்கத் தெரியாது. தெரிந்த ஒரே மனிதர் மானிப்பாயில் எனக்கு அரை மணித்தியாலம் சொல்லித்தந்தபோது நான் பொத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

கொடியில் போட்டபோது ஸ்ரெல்லா வந்து பார்த்தாள். "மற்றப் பாதி எங்கை?" என்று கேட்டாள்.

மற்றப் பாதி என்று ஒன்று இல்லை. சுருங்கித் தடித்து, கதவடியில் போடும் கால்மிதி போல விறைத்துக் கிடந்தது. இழுத்துப் பார்த்தேன். கல் வைத்துப் பார்த்தேன். யுத்தம் இரண்டைக் கண்ட கம்பளி என் ஒரு மனவருத்தத்தைத் தாங்கவில்லை.

செவ்வாய் இரண்டரைக்கு அதை எடுத்துக்கொண்டு போனேன். புலிப் போர்வையையும் கூடவே கொண்டுபோனேன். புலி மெல்லிசு, படம்தான் பெரிது. மக்டலீனக்கா கம்பளியை இரண்டு கையிலும் பிடித்துப் பார்த்தார். யாகோப்பண்ணை அதை மார்பில் போட்டு அளந்தார்.

"தாடை, தோள் ரெண்டும் மூடும். முழங்காலுக்குக் காணாது." கொஞ்சம் யோசித்தார். "முழங்கால் கடைசியிலைதானே. அந்த நேரம் நீ ஏறிப் படு."

மூன்று அடித்தது. "வந்திட்டான்" என்றார். தாடை, பிறகு தோள். கம்பளியையும் புலியையும் மக்டலீனக்கா செருகினார். முழங்கால் தொடங்கியபோது நான் குறுக்கே ஏறிப் படுத்தேன். கட்டில் என்னையும் சேர்த்து ஆட்டியது.

"சு... சும்மா கிடவாதை. பா... பாட்டைப் பாடு. முதலிலை இருந்து."

பாடினேன். அந்த உதறலில் என் குரலுக்கு வாழ்நாளில் வராத கமகம் எல்லாம் வந்தது. 'பாவி'யில் முதல்முறையாக இறங்கினேன்.

ஆஸ்பத்திரியில் குளோரோகுயின் மருந்து கிடைக்கும்வரை, ஒன்றைவிட்ட ஒருநாள், மூன்று மணிக்கு நான் யாகோப்பண்ணையின் முழங்கால்கள்மேல் கிடந்தேன். பாவசங்கீர்த்தனத்தில் சுவாமி எனக்கு ஐந்து அருள்நிறைந்த மந்திரம்தான் கட்டளையிட்டார், மலிவு. யாகோப்பண்ணை என்னை ஏசவேயில்லை, பாட்டைத்தான் ஏசினார்.

மக்டலீனக்கா ஒவ்வொரு முறையும் எனக்குத் தேத்தண்ணி தந்தார், பனங்கட்டியோடு. ஆனால் காய்ச்சல் நாட்களில் நான் இரண்டரைக்குப் போனால், அவர் ஒழுங்கைப் படலையடியில் நிற்பார். சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டபடி, நான் வரும் பக்கத்தையே பார்த்துக்கொண்டு. இரண்டேகாலுக்குப் போய்ப் பார்த்தேன். நின்றார். ஒருநாள் இரண்டு மணிக்கே போனேன்.

அப்போதும் நின்றுகொண்டிருந்தார்.